சாக மாட்டேன் என்ற வில்லன்

என் வீட்டுக்காரர் நிறைய சினிமாவில் நடித்திருக்கிறார். ஆனால் நடிகர் என்று அவரை யாருக்கும் தெரியாது. ஏனென்றால் எல்லாப் படத்திலும் அவருடைய முதுகுதான் வரும்.

புதுச்சேரியில் ஷூட்டிங்குக்குப் பஞ்சமே கிடையாது. பிரெஞ்சு வீதியில் ஒரு மஞ்சள் சுவரைக் கண்டால் போதும், அதன் முன்னால் ஒரு கதாநாயகியை நிறுத்திக் குழாயில் மழை பெய்ய வைத்துவிடுவார்கள். வருகிற கும்பலில் பாதி, இவர் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் லாட்ஜில்தான் தங்கும். "சார், சும்மா அந்தப் பக்கமா நடந்து போங்களேன்" என்று யாராவது கூப்பிட்டால் இவர் எழுந்து போய்விடுவார். இல்லை, மாட்டேன் என்ற வார்த்தைகள் அவர் வாயில் வராது. இப்படி சைக்கிளில் போகிறவர், ரொட்டி வாங்குகிறவர், கதாநாயகன் ஓடி வரும்போது ஒதுங்கி வழிவிடுகிறவர் என்று என்னென்னவோ ஆனார். ஒரு படத்தில் கதாநாயகனுக்கே காபி கொடுத்தார். காபி வந்தது, தட்டு வந்தது, கை வந்தது. முகம் வரவில்லை.

டிவியில் அந்தப் படங்களைப் போட்டால், "இதோ, இப்ப வந்துடுவேன் பாரும்மா" என்று குரல் கொடுப்பார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவேன். கண்ணைச் சிமிட்டுவதற்குள் முதுகு போய்விடும். "சட்டை நல்லா இருந்துதுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போவேன். வேறென்ன சொல்ல?

எனக்கு வயிறெரியும். நகை, நிலம், வண்டி என்று அந்த மனிதர் எதையும் கேட்டதில்லை. ஒரே ஒருமுறை தன் முகம் திரையில் வரவேண்டும், ஜனங்கள் பார்த்துக் கை தட்ட வேண்டும், அவ்வளவுதான். அதையும் வாய் திறந்து சொன்னதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு டிவியில் தன் முதுகைக் காட்டும்போது அவர் குரல் குழைவதைப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன்.

நான் வேறு ரகம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். உப்பளம் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று நான் பார்த்தால் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளை தானாக வேகம் எடுக்கும். கோபக்காரி என்று என்னைச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒழுங்கு வேண்டும் என்பது ஒரு கோபமா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருப்பவரின் மகள். நூறு மீட்டர் ஓடச் சொன்னால் பாதியில் நின்று மேகத்தை வேடிக்கை பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே சினிமா டைரக்டர் ஆகிவிட்டாள். தேங்காய்த்திட்டில் மீனுக்கு ஐஸ் உடைக்கிற ஒருவனுக்கு மின்சாரம் தாக்கி, தொட்டதெல்லாம் உறைந்துபோகிற சக்தி வந்துவிடுகிறது என்று ஒரு சூப்பர் ஹீரோ படம் எடுத்து இணையத்தில் போட்டாள். ஊரே பார்த்தது. நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, வில்லனைத் தவிர. அந்த ஆள் சிரித்துச் சிரித்தே படத்தை ஓட்டினார். எதற்குச் சிரிக்கிறார் என்று கடைசிவரை தெரியவில்லை.

"டீச்சர், ரெண்டாம் பாகம் எடுக்கிறேன்" என்றாள். "டைல்ஸ் கடைக்காரர் ஒருத்தர் பணம் போடுறார். தியேட்டர்லயே ரிலீஸ். ஆனா வில்லன்தான் இல்ல. அவருக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி, பாரீசுக்கு வேலைக்குப் போயிட்டாரு."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்?"

"சாரைக் குடுங்க."

என் வீட்டுக்காரர் அப்போது எங்களுக்குக் காபி கொண்டு வந்துகொண்டிருந்தார். தட்டு ஆடியது. புது வில்லன் யாரையாவது முறைத்தால் அவர்கள் கை கால் கல்லாகிவிடுமாம். பார்க்க சாதுவாக இருக்கிற ஆள் முறைத்தால்தான் பயமாக இருக்கும் என்றாள். ஆனால் ஒரு சிக்கல். டைல்ஸ் கடைக்காரர் தன் மச்சானையே வில்லனாகப் போடச் சொல்கிறாராம். மச்சானுக்கு மீசை இருக்கிறது, சொந்தமாகக் கறுப்புக் கோட்டும் இருக்கிறது. சார் சரிப்படவில்லை என்றால் அந்த நிமிஷமே மச்சான் உள்ளே வந்துவிடுவான்.

"எனக்குக் கோவமே வராதேம்மா" என்றார் இவர், அந்தப் பெண்ணிடம். வந்த சீதேவியைக் காலால் உதைக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "வரும். நான் வர வைக்கிறேன்" என்று நானே வாக்குக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளே பயிற்சி தொடங்கியது. அட கடவுளே! "உன்னைச் சும்மா விட மாட்டேன்" என்ற வசனத்தை, "ரூம் காலி இல்லீங்க" என்பதுபோலச் சொன்னார். "டேய்" என்று மிரட்டச் சொன்னால் "டேய்ப்பா" என்று வந்தது. முறைக்கச் சொன்னால் கண்ணில் தூசி விழுந்தவர் மாதிரி நின்றார். மச்சானின் மீசை என் கண் முன்னால் வந்து வந்து போனது.

கடைசியில் நான்தான் சொன்னேன். "கோவம் வரலன்னா வுடுங்க. உங்களுக்கு யாரைக் கண்டா கை கால் உதறுமோ, அவங்களை மனசுல நெனச்சிக்குங்க. அவங்க எப்படி நிப்பாங்க, எப்படிப் பேசுவாங்கன்னு பாத்து அப்படியே செய்யுங்க. அப்படி யாராவது இருக்காங்களா?"

என்னை ரொம்ப நேரம் பார்த்தார். "இருக்காங்கம்மா" என்றார்.

"யாரு, லாட்ஜ் ஓனரா?"

"ம்ம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகு ஒரு மாற்றம் வந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அவர் என்னைப் பார்க்கத் தொடங்கினார். நான் துணி மடித்தால் பார்ப்பார். பால்காரரிடம் பேசினால் வாசலுக்கு வந்து நின்று பார்ப்பார். தேங்காய்த்திட்டுக்கு மீன் வாங்கப் போனால், பையைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் சும்மா நிற்கிறவர், இப்போது பக்கவாட்டில் வந்து நின்றுகொண்டார். நான் வழக்கம்போல ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்து, முகர்ந்து, "நேத்து மீனு" என்று திரும்பப் போட்டேன். அவர் உதடு மெல்ல அசைந்தது. வழியில், "அந்த அம்மாகிட்ட கடைசியா என்னாம்மா சொன்னே?" என்று வேறு கேட்டார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வயசான காலத்தில் மனிதருக்கு என் மேல் புதுசாக ஒரு ஆசை வந்துவிட்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பூ வைத்துக்கொண்டு போனேன். டிராக் சூட்டுக்கு மல்லிகைப் பூ! ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஷூட்டிங் தொடங்கிய அன்று அந்தப் பெண் போன் செய்தாள். "டீச்சர், சார் பின்னிட்டாரு! முதல் ஷாட்டிலயே அடியாளா நடிச்சவர் நிஜமாவே பின்னாடி நகர்ந்துட்டாரு. மச்சான் கோட்டைக் கழட்டி வெச்சிட்டாரு."

நான் தரையில் நிற்கவில்லை. நாளைக்கு வந்து பார்க்கிறேன் என்றேன். "ஐயோ, வேணாம் டீச்சர்" என்றாள் பதறிப்போய். "நீங்க வந்தா எங்களுக்குக் கை கால் ஓடாது. படமாவே பாருங்க." சரி, மரியாதை தெரிந்த பெண் என்று விட்டுவிட்டேன். தெருவில், பள்ளிக்கூடத்தில், மீன் கடையில் எல்லோரையும் நானே படத்துக்கு அழைத்தேன். "இந்த வாட்டி முகமே வருது" என்று வாய் ஓயாமல் சொன்னேன். காரைக்காலிலிருந்து நாத்தனாரையும் வரச் சொல்லிவிட்டேன்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, நோணாங்குப்பத்தில் கடைசிக் காட்சி எடுக்கும் வரை. காயலில், படகு மேலே சண்டை. ஹீரோ தண்ணீரைத் தொட்டு உறைய வைப்பான், வில்லன் படகிலிருந்து விழுந்து பனிக்கட்டிக்கு அடியில் போய்ச் செத்துவிடுவான். இவர் எனக்கு முன்கூட்டியே சொன்ன கதை அதுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சட்டை நனையவே இல்லை.

"என்னாங்க, செத்தாச்சா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"சாவலம்மா" என்றார். "மாட்டேன்னு சொல்லிட்டேன்."

மாட்டேன் என்று சொன்னாரா? இவரா? காலம் முழுக்க யாரிடமும் சொல்லாத வார்த்தையை, சேர்த்து வைத்து, அங்கே போயா சொல்ல வேண்டும்?

"நீச்சல் தெரியாதுன்னா?"

"இடுப்பளவு தண்ணிதாம்மா."

"சளி புடிக்கும்னா?"

"இல்லம்மா."

"பின்ன என்னாதான் கேடு?"

"மனசு வரல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"வில்லன்னு ஒத்துக்கிட்டா சாவறதுதாங்க வேலையே! சாவாத வில்லனை எந்த ஊர்லங்க பாத்தீங்க?"

தயாரிப்பாளர் காயல் கரையிலேயே குதித்தாராம். இந்த ஆள் வேண்டாம், மச்சானை வைத்து முதலிலிருந்து எடு என்று கத்தினாராம். அந்தப் பெண் யோசித்துச் சொல்கிறேன் என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். போனில் கூப்பிட்டுக் கெஞ்சினேன். நான் கெஞ்சினேன்! அவளோ, "டீச்சர், நீங்க படத்தைப் பாருங்க" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. படத்தில் இவர் இருக்கிறாரா, மச்சான் இருக்கிறானா என்றே தெரியாது. ஊரை அழைத்து வைத்திருக்கிறேன். அதைவிட, இந்த மனிதருக்கு முகம் வருகிற நேரம் பார்த்து அவரே அதில் மண்ணைப் போட்டுக்கொண்டாரே என்று என் நெஞ்சு கொதித்தது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். "உங்க இஷ்டம்." அதற்குப் பிறகு படம் வரும் வரை அவரோடு பேசவில்லை.

தியேட்டரில் காலைக் காட்சி கொடுத்திருந்தார்கள். நான் அழைத்த கூட்டமே பாதி. அது போதாதென்று டைரக்டர் பெண்ணோடு படித்தவர்கள், அதற்கு முன்னால் படித்தவர்கள் என்று என் பழைய மாணவிகள் பிள்ளைகுட்டியோடு வந்திருந்தார்கள். ஒரு பக்கம் நாத்தனார், ஒரு பக்கம் இவர். இவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். முன்னோட்டத்தில்கூட வில்லனைக் காட்டவில்லை.

ஐஸ் ஹீரோ வந்தான், விசில் பறந்தது. பிறகு வில்லனின் கோட்டை. தரை, சுவர், கூரை என்று எங்கும் டைல்ஸ். தயாரிப்பாளர் காசை வீணாக்குகிறவர் இல்லை. நடுவில் ஒரு நாற்காலி. நாற்காலியில் ஒரு முதுகு.

அந்த முதுகை எனக்குத் தெரியாதா? "முருகா, திருப்பு, திருப்பு" என்று வேண்டினேன். நாற்காலி திரும்பியது. அவர் முகம். திரை முழுக்க அவர் முகம்! நான் நாத்தனாரின் தொடையில் ஓங்கி அடித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகை கொஞ்ச நேரம்தான். திரையில் இவர் விரலில் ஒரு லாட்ஜ் சாவியை மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். அடியாள் ஒருவன் ஏதோ சாக்குச் சொன்னான். சாவி சட்டென்று நின்றது. அடியாட்கள் மூச்சு விடவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண் குரல், "ஐயோ, விசிலு!" என்றது. மைதானத்தில் விசிலை நான் அப்படித்தான் சுற்றுவேன் என்பது அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

"அப்படியா?" என்றார் வில்லன், ரொம்ப மெதுவாக. "ரொம்ப சந்தோஷம்." எழுந்தார். தோளில் கிடந்த துண்டை இழுத்து இடுப்பில் செருகினார். தியேட்டரில் அங்கங்கே சிரிப்புச் சத்தம் கிளம்பியது. நாத்தனார் என் பக்கம் குனிந்து, "அண்ணி, இந்த செருகல எங்கியோ பாத்தாப்பல இருக்குதே" என்றாள்.

அடுத்து ஹீரோவைப் பிடித்துக் கட்டிக் கொண்டு வருகிறார்கள். வில்லன் அவனைச் சுற்றி வந்தார். அவன் காது மடலைத் தூக்கி உள்ளே பார்த்தார். முகர்ந்தார். "நேத்து மீனு" என்று உதறிவிட்டார்.

சிரிப்பில் கொட்டகையே இடிந்தது. முன் வரிசைகளில் தலைகள் திரும்பின. என் பழைய மாணவிகள். ஒவ்வொரு தலையும் என்னைப் பார்த்தது, பார்த்ததும் மைதானத்தில் பார்ப்பதுபோலவே டக்கென்று முன்னால் திரும்பிக்கொண்டது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முகமே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அவரைப் பார்த்தேன். அவர் இருக்கையில் எவ்வளவு கீழே இறங்க முடியுமோ அவ்வளவு இறங்கியிருந்தார்.

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாட்ஜ் ஓனராம், லாட்ஜ் ஓனர்! நான் பூ வேறு வைத்துக்கொண்டு போனேனே! எழுந்து போய்விடலாம் என்றால், எழுந்தால் நான்தான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வில்லன் வரும்போதெல்லாம் கைதட்டல். ஹீரோவுக்குக்கூட அவ்வளவு இல்லை. சொன்னால் வெட்கம், ஒரு இடத்தில் நானும் தட்டிவிட்டேன்.

கடைசியில் நோணாங்குப்பம் காயல் வந்தது. ஹீரோ படகில் வில்லனை மடக்கிவிட்டான். தண்ணீர் உறைகிறது. இதோ விழப் போகிறார் என்று எல்லோரும் இருக்கை நுனிக்கு வந்தார்கள். வில்லன் விழவில்லை. துண்டைச் செருகினார். ஹீரோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார். "உங்க இஷ்டம்."

ஹீரோ கையைக் கீழே போட்டான். பனி தானாக உருகியது. அவன் ஓரமாக ஒதுங்கி வழிவிட, வில்லன் படகை ஓட்டிக்கொண்டு கடல் பக்கம் போய்விட்டார். படம் முடிந்தது. கூட்டத்தில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அவரவர் வீட்டுச் சோகம்.

வெளியே வந்ததும் டைரக்டர் பெண்ணைப் பிடித்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோலவே நின்றாள். எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். அவருக்குக் கைகொடுக்க வந்தவர்கள், என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.

"உனக்கு எப்போ தெரியும்?" என்றேன்.

"முதல் ஷாட்டிலயே டீச்சர். சாவியைச் சுத்தினதும் தெரிஞ்சிபோச்சு. உங்ககிட்ட சொன்னா நிறுத்திடுவீங்கன்னு சொல்லல."

"சரி, அது போவட்டும். கடைசியில ஏன் சாவல? அதையாவது ஒழுங்கா எடுக்கக் கூடாதா?"

அவள் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவள் கேட்கவில்லை.

"நாங்க எவ்வளவோ கேட்டோம் டீச்சர். தயாரிப்பாளர் கத்துறாரு, மச்சான் கோட்டை மாட்டிக்கிட்டு ரெடியா நிக்கிறாரு. சார் படகை விட்டு எறங்கவே இல்ல. 'இது எங்க வீட்டம்மா. நான் வேணா எத்தினி வாட்டி வேணாலும் சாவறேன், இது சாவக் கூடாது. நடிப்புக்குக்கூட என்னால முடியாது. என் மூஞ்சி வரலன்னா போவட்டும்மா, படத்துலருந்து என்னை எடுத்துடுங்க'ன்னு சொல்லிட்டு அழுதுட்டாரு. அதுக்கப்புறம்தான் நான் கிளைமாக்ஸையே மாத்தினேன்."

நான் திரும்பினேன். பழக்க தோஷம், கை தானாக முந்தானையை எடுத்து இடுப்பில் செருகியது. அவர் ஓரடி பின்னால் போனார். சுற்றி நின்ற என் மாணவிகள் மூச்சுவிடவில்லை. திட்டத்தான் வாயைத் திறந்தேன். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. தெருவென்றும் பார்க்காமல் அழுதேன். செருகின முந்தானையையே எடுத்துத் துடைத்துக்கொண்டேன்.

"வாங்க, மீன் வாங்கிட்டுப் போலாம்" என்றேன்.

தேங்காய்த்திட்டில் ஏலமெல்லாம் முடிந்து வெயில் ஏறிவிட்டிருந்தது. ஒரு அம்மாள் மிஞ்சின மீனைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். படம் பார்க்காதவள். பையை நான் வாங்கிக்கொண்டேன். "நீங்க பாருங்க" என்றேன். அவர் குனிந்து ஒரு வஞ்சிரத்தை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தார். கண் குழிந்து, செவுள் வெளுத்துக் கிடந்தது; தள்ளி நின்ற எனக்கே தெரிந்தது நேற்றைய மீன் என்று. அவர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். வெயிலில் வதங்கியிருந்தாள்.

"நல்லாத்தான்மா இருக்குது" என்று வாங்கிப் பையில் போட்டார். போட்டுவிட்டு பயந்துகொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கு நான் நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை.